அமெரிக்காவில் வாங்கிய செல்லுலார் வாட்ச்: கோவையில் ஓடுமா, சிங்கப்பூரில் ஓடுமா?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் இருக்கும் தம்பி புது வாட்ச் வாங்கிக்கொண்டு, தன்னுடைய பழைய ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 6 செல்லுலார் மாடலை, அதாவது போன் பக்கத்தில் இல்லாமலே நேராக மொபைல் நெட்வொர்க்கில் பேசக்கூடிய வகையை, அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார். அக்கா கோவையில், கையில் ஐபோன், ஏர்டெல் ப்ரீபெய்ட். காலையில் ரேஸ்கோர்ஸில் நடக்கப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அடுத்த வருடம் வேலைக்காக சிங்கப்பூர் போகிறார், அங்கேயும் வாட்ச்சிலேயே பேச முடிந்தால் நல்லது. இதற்கு என்ன பிளான் போடலாம் என்று கேட்டிருக்கிறார்.

பிளானைப் பற்றி யோசிக்கும் முன்னால் வேறு இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும்: ஒன்று, உங்கள் வாட்ச் மாடல் அந்த ஊர் நெட்வொர்க்குக்குப் பொருந்துமா; இரண்டு, உங்கள் கேரியர், அதாவது ஏர்டெல், ஜியோ மாதிரி சிம் தரும் நிறுவனம், வாட்ச்சில் நம்பர் பகிர்வதை ஆதரிக்கிறதா. அந்த இரண்டிலும் தேறினால்தான் பிளான் என்ற பேச்சே வரும். உங்கள் வாட்ச் முதலாவதிலேயே திணறும் என்று நினைக்கிறேன். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே குழப்பத்தோடு துபாயிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் வாட்ச் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர்.

பெரும்பாலானவர்கள் நினைப்பது இப்படி: போனில் இ-சிம் (உள்ளேயே பதித்த சிம்) இருக்கிறது, வாட்ச்சிலும் இ-சிம் இருக்கிறது, எந்த ஊர் போனிலும் எந்த ஊர் சிம்மையும் போடுகிற மாதிரி வாட்ச்சிலும் போட்டுக்கொள்ளலாம். ஆப்பிள் வாட்ச்சில் அது நடக்காது. வாட்ச்சுக்குள் இருக்கும் இ-சிம், நெட்வொர்க்கின் பார்வையில் தனி சந்தா. அதற்கென்று தனி அடையாளம் உண்டு, பின்னால் ஒரு மறைவான எண்கூட இருக்கும். அமெரிக்காவில் பில்லைப் பிரித்துப் பார்த்தால் தெரியாத ஒரு நம்பருக்குத் தனியாகக் காசு போட்டிருப்பார்கள், அது வாட்ச்சுடையதுதான். இந்தத் தனி சந்தாவை உங்கள் போன் நம்பரோடு கேரியர் தன் சர்வரில் கோத்து வைக்கிறது. வீட்டு லேண்ட்லைனுக்கு மாடியில் ஒரு எக்ஸ்டென்ஷன் வைப்போமே, அதே மாதிரி. யாராவது உங்களை அழைத்தால் இரண்டும் அடிக்கும், நீங்கள் வாட்ச்சிலிருந்து அழைத்தாலும் எதிரில் இருப்பவருக்கு உங்கள் வழக்கமான எண்தான் தெரியும்.

எக்ஸ்டென்ஷன் என்பதால்தான் போனும் வாட்ச்சும் ஒரே கேரியரில் இருக்க வேண்டும் என்கிறார்கள். போன் ஏர்டெல், வாட்ச் ஜியோ என்று ஒருவரே தன் நம்பரைப் பிரித்து வைத்துக்கொள்ள முடியாது. இந்தக் கோர்ப்பு வேலையை கேரியர் தன் நெட்வொர்க்கில் தனியாக அமைத்து, ஆப்பிளோடும் ஒப்பந்தம் போட்டு, சோதித்து, அதன் பிறகுதான் உங்கள் ஐபோனின் வாட்ச் ஆப்பில் செல்லுலார் அமைக்கும் பட்டன் வேலை செய்யும். அந்த பட்டனை அழுத்தினால் திறக்கும் பக்கமே கேரியருடையதுதான். அதனால் ஒரு நாட்டில் எல்லா கேரியர்களிலும் இது கிடைக்காது. பெரிய நிறுவனத்தின் டவரை வாடகைக்கு எடுத்து மலிவாக சிம் தரும் சின்ன நிறுவனங்கள் பலவற்றில் இருக்கவே இருக்காது, டவர் ஒன்றேதானே என்று நாம் வாதம் பண்ணினாலும். பயணத்துக்கு என்று ஆப்பில் விற்கும் டேட்டா இ-சிம்மும் இதே காரணத்தால் ஆப்பிள் வாட்ச்சில் ஏறாது.

சரி, இப்போது வாட்ச்சுக்கு வருவோம். ஆப்பிள் வாட்ச்சில் செல்லுலார் வந்தது 2017 செப்டம்பரில், சீரிஸ் 3-இல். அப்போதிலிருந்தே ஊருக்கு ஒரு மாடல் என்று பிரித்துத்தான் செய்கிறார்கள். போன் அளவுக்கு உள்ளே இடம் இல்லை. ஆன்டெனா, ரேடியோ, பேட்டரி எல்லாம் அந்தச் சின்ன இடத்துக்குள் அடங்க வேண்டும் என்னும்போது, உலகத்தில் உள்ள எல்லா எல்டிஇ பேண்ட்களையும், அதாவது 4ஜி ஓடும் அலைவரிசைகளையும், திணிக்க முடியவில்லை. சீரிஸ் 6-ஐ எடுத்துக்கொண்டால், வட அமெரிக்க மாடல் 40 மிமீ அளவில் ஏ2293, 44 மிமீ அளவில் ஏ2294. ஐரோப்பா, ஆசிய பசிபிக் பக்கம் விற்றது ஏ2375, ஏ2376. வெளியே பார்த்தால் நான்கும் அச்சு அசலாக ஒன்றுதான். பெட்டியிலும் பெரிதாக எதுவும் எழுதியிருக்காது.

உங்களுடையது எது என்று பார்க்க, ஐபோனின் வாட்ச் ஆப்பில் ஜெனரல், அபவுட் என்று போய் மாடல் எண்ணைத் தேடுங்கள். முதலில் நீளமாக வேறொரு எண் தெரியும், அதைத் தொட்டால் ஏ என்று தொடங்கும் எண்ணாக மாறும். தம்பி அமெரிக்காவில் வாங்கியது என்றால் அநேகமாக 2293 அல்லது 2294 ஆகத்தான் இருக்கும்.

அமெரிக்காவில் கேரியர்கள் நம்பியிருக்கும் பேண்ட்கள் 2, 4, 12, 13, 66 போன்றவை. இங்கே ஜியோ ஓடுவது 3, 5, 40 ஆகியவற்றில். ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40. சிங்கப்பூரில் 3, 7, 8 முக்கியம். கவனித்தால் 3 என்ற பேண்ட், அதாவது 1800 மெகாஹெர்ட்ஸ், ஆசியா முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது, அமெரிக்காவில் அது பேச்சிலேயே இல்லை. அமெரிக்காவுக்கென்று செய்த வாட்ச் இங்கே ஏதாவது ஒரு பேண்டில் தற்செயலாக ஒத்துப்போனாலும், ஒரு தெருவில் சிக்னல் வரும், அடுத்த தெருவில் போய்விடும் என்ற கதைதான். அதற்கும் மேலே, கேரியர் தன் பக்கத்தில் எந்த மாடல்களைச் சோதித்து அனுமதித்திருக்கிறதோ அவற்றைத்தான் நம்பிப் பதிவு செய்யலாம். யாரோ ஒருவர் எனக்கு ஓடியது என்று எழுதியிருப்பார், அதைப் படித்துவிட்டு பிளான் மாற்றிவிடாதீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த அமெரிக்க மாடலை இந்தியாவில் ஒரு நல்ல ஜிபிஎஸ் வாட்ச், அதாவது செல்லுலார் இல்லாத வாட்ச், என்று மட்டும் நினைத்து வைத்துக்கொள்வேன். நடந்த தூரம், இதயத் துடிப்பு, பாட்டு, வீட்டு வைஃபையில் மெசேஜ் எல்லாம் எந்தக் குறையும் இல்லாமல் கிடைக்கும்.

தம்பிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வாட்ச்சைக் கொடுப்பதற்கு முன் அவர் தன் ஐபோனிலிருந்து அதை முறையாக அன்பேர் செய்து இணைப்பை நீக்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய உரிமையாளரின் கணக்கோடு பூட்டிவைக்கும் ஆக்டிவேஷன் லாக் விழுந்து உங்கள் கையில் அது அசையாது. அப்புறம் வாட்ச்சிலிருந்து செல்லுலார் பிளானை நீக்கினால் மட்டும் அங்கே பில் நிற்காது. கேரியருக்குத் தனியாகச் சொல்லி அந்த லைனை ரத்து செய்ய வேண்டும். மாதம் 10 டாலரும் அதன் மேல் வரியும், கொடுத்துவிட்டு மறந்துபோன வாட்ச்சுக்காகப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒருவேளை நீங்கள் இங்கேயே ஒரு செல்லுலார் வாட்ச் வாங்குவதாக இருந்தால் நிலைமை என்ன? இந்தியாவில் 2018 மே மாதம் சீரிஸ் 3 மூலம் இந்த வசதி தொடங்கியபோது வந்தவை ஏர்டெல், ஜியோ இரண்டும்தான். ஜியோ இதற்கு எவ்ரிவேர் கனெக்ட் என்று பெயர் வைத்தது. ஏர்டெல் தொடங்கியது போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர்களுக்கு. ஆகவே ஏர்டெல் ப்ரீபெய்டில் இருக்கும் நீங்கள், வாட்ச் வாங்கும் முன்பே கடையில் உங்கள் நம்பரைச் சொல்லி, இந்த நம்பருக்கு, இந்தப் பிளானுக்கு வாட்ச் சேருமா என்று கேட்டுவிடுங்கள். கேட்கும்போது இ-சிம் கிடைக்குமா என்று கேட்காதீர்கள், கிடைக்கும் என்று தலையாட்டிவிடுவார்கள். போனுக்கு இ-சிம் தருவது வேறு, வாட்ச்சில் அதே நம்பரைப் பகிர்வது வேறு, கவுண்டரில் இருக்கும் பையனுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அலுவலகம் கொடுத்த கார்ப்பரேட் கனெக்ஷன் என்றால் இன்னும் கவனம். உலகம் முழுக்கவே நிறுவனக் கணக்குகளில் வாட்ச் சேர்ப்பது பல இடங்களில் முடியாது, முடிந்தாலும் உங்கள் அலுவலக நிர்வாகி அனுமதிக்க வேண்டியிருக்கும்.

போனில் வோல்ட்இ, அதாவது 4ஜி எல்டிஇ வழியாகவே குரல் அழைப்பு போகும் வசதி, ஆன் செய்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜியோவுக்கு 3ஜி எப்போதுமே கிடையாது, ஏர்டெல் 3ஜியை மூடி வருடங்கள் ஆகிவிட்டன, அதனால் வாட்ச்சில் குரல் போக எல்டிஇ வழியை விட்டால் வேறு வழி இல்லை. நம்பரை போர்ட் பண்ணினாலும் வாட்ச் தானாகக் கூடவே வராது, பழைய பிளானை நீக்கிவிட்டுப் புதிய கேரியரில் மறுபடி சேர்க்க வேண்டும், புதிய கேரியருக்கு அந்த வசதி இருந்தால்.

இன்னொன்று, இதுதான் வாங்கிய பிறகு பலரைக் கடுப்பேற்றுவது. வாட்ச் தனியாக நெட்வொர்க்கில் இருந்தாலும் எஸ்எம்எஸ்ஸும், மற்ற ஆப்களின் நோட்டிபிகேஷனும் ஐபோன் வழியாகத்தான் வாட்ச்சுக்கு வருகின்றன. ஐபோன் அருகில் இருக்கத் தேவையில்லை, கோவையில் வீட்டு மேசையில் இருந்தால் போதும். ஆனால் அது ஆனில் இருக்க வேண்டும், வைஃபையோ நெட்வொர்க்கோ அதற்கும் கிடைக்க வேண்டும். போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டால் வாட்ச்சில் அழைப்பு வரும், ஐமெசேஜ் வரும், பாங்க் ஓடிபி வராது. நம் ஊரில் ஓடிபி இல்லாமல் ஒரு நாள் போகுமா சொல்லுங்கள். நடைபயிற்சிக்குப் போய்வர இது பிரச்சினை இல்லை. போனையே அணைத்துப் போட்டுவிட்டு வாட்ச்சோடு வாழலாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

பேட்டரியும் அப்படித்தான். 18 மணி நேரம் என்று ஆப்பிள் சொல்வது, பெரும்பாலான நேரம் ஐபோனோடு ப்ளூடூத்தில் இருக்கும் என்ற கணக்கில். எல்டிஇயில் தொடர்ந்து பேசினால் சீரிஸ் 6 காலத்து வாட்ச்சுக்கு ஒன்றரை மணி நேரம்தான் கணக்கு. அதுவும் புது பேட்டரிக்கு. தம்பி சில வருடம் கட்டிய வாட்ச்சில் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதை பேட்டரி ஹெல்த் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் இரண்டு வழி. ஒன்று, இந்திய நம்பரிலேயே ரோமிங். வாட்ச்சுக்கு வெளிநாட்டு ரோமிங் என்பது வெகுகாலம் கிடையவே கிடையாது, ஊரைத் தாண்டினால் செல்லுலார் செத்தது என்றுதான் இருந்தது. 2022-இல் வாட்ச்ஓஎஸ் 9 வரிசையில்தான் சீரிஸ் 5-க்கும் அதற்குப் பின் வந்த மாடல்களுக்கும் திறந்துவிட்டார்கள். அதிலும் உங்கள் கேரியர் வாட்ச் ரோமிங்கைத் தனியாக ஆதரிக்க வேண்டும், போனுக்கு ரோமிங் பேக் போட்டுவிட்டால் வாட்ச்சுக்கும் சேர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆப்பிள் தளத்தில் வாட்ச்சுக்கான கேரியர் பட்டியல் நாடு வாரியாக இருக்கிறது, ரோமிங் உண்டா என்பதும் அதில் இருக்கும். உண்டு என்றால் வாட்ச் ஆப்பில் செல்லுலார் பகுதிக்குள் டேட்டா ரோமிங்கை ஆன் செய்தால் போதும். ஒரு வாரப் பயணத்துக்கு இது சரி.

வேலைக்காகப் போய்த் தங்குவதற்கு இது சரிவராது. அங்கே சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 மூன்றிலும் வாட்ச்சுக்கு நம்பர் பகிரும் வசதி உண்டு. அங்கே ஒரு நம்பர் எடுத்து ஐபோனில் போட்டு, வாட்ச்சை அந்த நம்பரோடு சேர்த்துக்கொள்வதுதான் ஒழுங்கான வழி. மாதக் கட்டணம் பிளானுக்குப் பிளான் மாறும், சிம் மட்டும் தரும் மலிவான பிளான்களில் வாட்ச் சேருமா என்று எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இந்திய நம்பரை ஓடிபிக்காக ஐபோனில் இரண்டாவது லைனாக வைத்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். வாட்ச்சில் ஒன்றுக்கு மேற்பட்ட பிளானைச் சேர்த்து வைக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். ஐபோன் பக்கத்தில் இருக்கும்போது இரண்டு லைனின் அழைப்பும் வாட்ச்சில் வரும், வாட்ச் தனியாக வெளியே இருக்கும்போது நீங்கள் தேர்ந்தெடுத்த லைனுடைய அழைப்பு மட்டும்.

ஆக செல்லுலார் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டும் என்றால் வாட்ச்சை இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ வாங்குங்கள். இரண்டு ஊருக்கும் விற்பது ஒரே ஆசிய பசிபிக் வகை என்பதால் ஒன்றில் வாங்கி மற்றதில் பயன்படுத்துவதில் சிக்கல் குறைவு. வாங்கும்போது கடைக்காரரிடம் ஏ எண்ணைக் கேட்டு, ஆப்பிளின் பட்டியலில் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சீனாவுக்கென்று செய்த மாடல் மட்டும் வேண்டாம், அது தனி உலகம். 2017-இல் சீரிஸ் 3 வந்த சில நாட்களிலேயே அங்கே புதிதாக செல்லுலார் சேர்ப்பதை நிறுத்திவைத்தார்கள், வாட்ச்சில் இருக்கும் இ-சிம்மை வைத்து ஆள் யார் என்று எப்படி உறுதிப்படுத்துவது என்ற கவலையில்.

அமெரிக்காவிலிருந்து வருகிற வாட்ச்சில் செல்லுலார் தவிர இன்னொரு ஊர்க் கோளாறும் உண்டு. 2024 ஜனவரி 18-லிருந்து ஆப்பிள் அங்கே விற்ற வாட்ச்களில், காப்புரிமை வழக்கு காரணமாக ரத்த ஆக்சிஜன் பார்க்கும் வசதியை முடக்கிவிட்டார்கள், 2025 ஆகஸ்டில்தான் வேறு வடிவில் திரும்பக் கொடுத்தார்கள். உங்கள் சீரிஸ் 6-க்கு அந்தப் பிரச்சினை இல்லை.

பிளானே இல்லாவிட்டாலும் செல்லுலார் வாட்ச்சில் ஒரு பயன் உண்டு. சீரிஸ் 5 முதல், வாட்ச்சை எங்கே வாங்கினீர்கள், பிளான் போட்டிருக்கிறீர்களா என்று பாராமல் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ளூர் அவசர எண்ணை அழைக்கும் என்கிறது ஆப்பிள். பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், இங்கே 112, சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் 995. அதற்கும் அந்த இடத்தில் வாட்ச் பிடிக்கக்கூடிய பேண்டில் ஒரு டவர் இருக்க வேண்டும், அமெரிக்க மாடலோடு வால்பாறைப் பக்கம் தனியாகப் போகும்போது இதை மட்டும் நம்பாதீர்கள்.

அப்பாவுக்குக் கொடுத்தால் என்ன என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அப்பாவிடம் ஆண்ட்ராய்டு போன் என்றால் ஆப்பிள் வாட்ச் அதோடு சேராது. உங்கள் ஐபோனிலிருந்து குடும்ப உறுப்பினருக்கு என்று அமைக்கும் வழி 2020-இல் வாட்ச்ஓஎஸ் 7-இல் வந்தது. அதில் வாட்ச்சுக்குத் தனி நம்பர், உங்கள் கேரியரிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்தியாவில் குழந்தைகளுக்கான வாட்ச் என்ற பெயரில் 2024 கடைசியில் ஜியோ மூலம் வந்தது. அதற்கும் இந்த ஊருக்குப் பொருந்தும் மாடல்தான் வேண்டும், ஆகவே தம்பி கொடுத்த வாட்ச் இங்கேயும் உதவாது.

ஆண்ட்ராய்டு வீடுகளுக்கு சாம்சங் கேலக்ஸி வாட்ச் எல்டிஇ இருக்கிறது. தத்துவம் அதேதான், கேரியர் ஆதரவு, ஊருக்கு ஒரு மாடல் எல்லாம் உண்டு. மாடல் எண்ணின் கடைசியில் அமெரிக்காவுக்கு யு, கொரியாவுக்கு என், மற்ற பல நாடுகளுக்கு எஃப் என்று எழுத்து வைத்திருப்பார்கள். ஆப்பிளைவிட இது கொஞ்சம் இளகினது, சில கேரியர்களில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து வாட்ச்சுக்குத் தனி நம்பரே போட்டுக்கொள்ளலாம். இசிஜி பார்க்க மட்டும் சாம்சங் போன் வேண்டும் என்று அடம்பிடிக்கும்.

சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் சிம் ஸ்லாட்டோடு கிடைக்கும் மலிவு வாட்ச்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுப்பாடுகளைக் கேட்டதும் பேசாமல் அதையே வாங்கிவிடலாம் என்று தோன்றும். அவற்றில் நிறைய 2ஜி மட்டும் தெரிந்தவை. ஜியோ சிம் போட்டால் உயிரே வராது, ஏர்டெல் சிம் போட்டால் பேசலாம். 4ஜி என்று எழுதியிருந்தாலும் வோல்ட்இ இல்லாவிட்டால் டேட்டா மட்டும் ஓடும், ஜியோவில் அழைப்பு போகாது. நம்பரும் வேறாகத்தான் இருக்கும், உங்கள் நம்பருக்கு வருவதை அந்த நம்பருக்கு கால் பார்வர்ட் செய்து சமாளிக்க வேண்டும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதைக்குப் புதிதாக எதுவும் வாங்க மாட்டேன். சீரிஸ் 6-ஐ ஜிபிஎஸ் வாட்ச்சாகவே கட்டிக்கொண்டு நடக்கலாம், வாட்ச்ஓஎஸ் 26 வரை அதற்கு அப்டேட் கிடைத்திருக்கிறது, அதைப் போட ஐபோன் 11 அல்லது அதற்குப் பின் வந்தது இருந்தால் போதும். சிங்கப்பூர் போய் ஒரு மாதம் போகட்டும், அங்கே எந்த கேரியர், எந்தப் பிளான் என்று முடிவானதும் அந்தப் பிளானில் வாட்ச் சேரும் என்று எழுத்தில் பார்த்துவிட்டு அங்கேயே வாங்குங்கள். 2025-இல் வந்த சீரிஸ் 11, எஸ்இ 3, அல்ட்ரா 3 மூன்றிலும் 5ஜி வந்துவிட்டது என்று விற்பனையாளர் சொல்வார். போன் பேசவும் பாட்டு கேட்கவும் எல்டிஇயே தாராளம், 5ஜிக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.